இயேசுவை முழு இருதயத்தோடு நேசிப்பது எப்படி: அன்றாட வாழ்க்கைக்கு ஒரு வழிகாட்டி

சபையில் பாட்டு நடத்துகிற பொறுப்பு எனக்குப் பல வருஷமாக உண்டு. கண்ணை மூடி, கையை உயர்த்தி நான் பாடுவதைப் பார்த்தால், இவனுக்கு இயேசுமேல் எவ்வளவு அன்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது எரிந்து விழுந்துவிட்டேன். அவர்களுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் தப்புகிறது, அது எனக்குத் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பாடிப் பாடிக் கட்டிய தொண்டையோடு அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உற்சாகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எது, இயேசு கேட்கிற அன்பு எது என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு செய்துபார்த்து, சறுக்கி, திரும்பவும் செய்துபார்த்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். குறிப்பாக இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

1. "முழு" என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கற்பனைகளிலெல்லாம் பிரதானமானது எது என்று ஒரு வேதபாரகன் கேட்டபோது, இயேசு உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னார். முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனது, முழுப் பலம் (மாற்கு 12:30). உபாகமத்தில் மூன்றுதான் இருக்கிறது. மாற்குவில் "மனது" சேர்ந்து நான்காகிறது.

நமக்கு இருதயம் என்றால் உணர்ச்சி. ஆனால் உபாகமத்தில் வரும் "லேவாவ்" என்ற எபிரெயச் சொல்லுக்குள் யோசிப்பதும் தீர்மானிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. "பலம்" என்று நாம் படிக்கிற இடத்தில் இருப்பது "மெயோத்". மற்ற இடங்களில் "மிகவும்" என்ற பொருளில் வருகிற சாதாரணச் சொல் அது. உனக்கு இருக்கிற "மிகவும்" அத்தனையோடும் அன்புகூரு என்பதுபோல. யூத ஆசிரியர்கள் இதற்குள் பணத்தையும் பொருளையும் சேர்த்துத்தான் விளக்கினார்கள்.

ஆகவே "முழு" என்பது சத்தத்தின் அளவைச் சொல்லவில்லை, பங்கு போடாமல் இருப்பதைச் சொல்கிறது. ஞாயிறு காலை அவருக்கு, மற்றதெல்லாம் எனக்கு என்று பிரிக்காமல் இருப்பது. சுபாவத்திலேயே அமைதியான ஒருவர் முழு இருதயத்தோடு அன்புகூரலாம். என்னைப்போல் உரக்கப் பாடுகிறவன் அரை இருதயத்தோடும் இருக்கலாம்.

2. உங்கள் கடன் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்

அன்பை உள்ளிருந்து பம்ப் அடித்து வரவழைக்க முடியாது. "இன்றிலிருந்து இயேசுவை அதிகமாக நேசிப்பேன்" என்று எத்தனை புது வருஷ ஆராதனைகளில் தீர்மானம் எடுத்தேன்! பிப்ரவரி வரைக்கும் எதுவும் தாங்கியதில்லை.

லூக்கா 7-இல் பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்தைப் பாருங்கள். அந்த ஊரில் பாவி என்று பேர் எடுத்த ஒரு பெண் அழைக்கப்படாமல் உள்ளே வருகிறாள். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, தலைமயிரால் துடைத்து, முத்தமிட்டு, தைலம் பூசுகிறாள். சீமோனோ கால் கழுவத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அப்போது இயேசு இரண்டு கடன்காரர்களின் கதையைச் சொல்கிறார். ஒருவனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், இன்னொருவனுக்கு 50. ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்தால், முதலாமவனுடையது ஒன்றரை வருஷ உழைப்பு. இரண்டு பேராலும் கட்ட முடியவில்லை, கடன் கொடுத்தவர் இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டார். "எவனுக்குக் கொஞ்சம் மன்னிக்கப்படுகிறதோ, அவன் கொஞ்சமாய் அன்புகூருவான்."

சிறுவயதிலிருந்தே சபைக்குள் வளர்ந்தவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லையே என்ற எண்ணம் அடியில் உட்கார்ந்திருக்கும். சீமோனும் அப்படித்தான் நினைத்தான். தன் கடன் 50 என்றாவது நினைத்தானோ என்னவோ, ஒருவேளை பூஜ்யம் என்றே நினைத்திருக்கலாம்.

இதற்கு ஒரு பயிற்சி. தனியாக ஒரு தாளோடு 15 நிமிஷம் உட்காருங்கள். யாருக்கும் காட்டப்போவதில்லை, அதனால் அழகாக எழுத வேண்டியதில்லை. பொறாமை, பொய், வெளியே சொல்லாமல் உள்ளே திட்டிய திட்டு, உதவி செய்ய முடிந்தும் செய்யாமல் நகர்ந்த தருணம் என்று ஞாபகம் வருவதையெல்லாம் எழுதுங்கள். பொதுவாக "பெருமை" என்று எழுதாமல், எந்த நாள், யாரிடம், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். முடிந்ததும் அதன்மேல் "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்ற 1 யோவான் 4:19-ஐ எழுதிவிட்டு, தாளைக் கிழித்துப் போடுங்கள். கிழிப்பதுவரை செய்யுங்கள். மன்னிக்கப்பட்ட பட்டியலைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் பார்த்து நொந்துகொள்வது பக்தி இல்லை.

3. சுவிசேஷங்களில் அவரை உற்றுப் பாருங்கள்

தெரியாத ஒருவரை யாராலும் நேசிக்க முடியாது. நம்மில் பலருக்கு இயேசுவைப் பற்றிய கருத்துகள் நிறையத் தெரியும், ஆனால் அவர் எப்படிப் பேசினார், எதைக் கவனித்தார், எதற்குக் கோபப்பட்டார் என்று கேட்டால் தடுமாறுவோம். பிரசங்கம் கேட்கிறோம், வாக்குத்தத்த வசனம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். சுவிசேஷத்தை மட்டும் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை.

மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21. மொத்தம் 89 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மாற்குவில் ஆரம்பியுங்கள், அதுதான் சிறியது, வேகமாக ஓடும். படிக்கும்போது "இதிலிருந்து எனக்கு என்ன பாடம்?" என்று உடனே தாவாதீர்கள். "இவர் எப்படிப்பட்டவர்?" என்ற ஒரே கேள்வியோடு படியுங்கள். கண்ணில் பட்ட ஒரு சின்ன விஷயத்தை ஒரு வரியாக நோட்டில் குறித்துவையுங்கள், போதும்.

என் நோட்டிலிருந்து ஒன்று. மாற்கு 5-இல் யவீருவின் மகள், 12 வயதுப் பெண், இறந்துவிடுகிறாள். இயேசு அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். எல்லோரும் மிகுந்த பிரமிப்பில் நிற்கிறார்கள். வீடே தலைகீழாகக் கிடக்கும் அந்த நேரத்தில் அவர் சொன்ன கடைசி வார்த்தை, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. மரணத்தை ஜெயித்த கையோடு, பிள்ளைக்குப் பசிக்குமே என்று யோசித்திருக்கிறார்! எத்தனையோ தடவை படித்த அதிகாரம், இந்த வரி மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஏற்பட்ட பிரியம் எந்த ஆராதனைக் கூட்டத்திலும் ஏற்பட்டதில்லை.

4. கதவை மூடுங்கள், போனையும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறார் மத்தேயு 6:6-இல். இன்றைக்கு அந்தக் கதவு கையிலேயே இருக்கிறது. வேதாகமத்தைப் போனில் படிக்கிறவர்கள் ஒரு வாரம் அச்சுப் புத்தகத்துக்கு மாறிப் பாருங்கள். வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே வந்து விழுகிற ஒரு மெசேஜ் போதும், அப்புறம் நீங்கள் அறைவீட்டில் இல்லை.

எவ்வளவு நேரம்? பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரம் என்று சபதம் எடுத்து நான்காம் நாள் விட்டுவிடுவதைவிட, தினமும் நடக்கிற பத்து நிமிஷம் மேல். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, உண்மைதான். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் அதை அப்படியே சட்டமாக்கக் கூடாது என்பது என் எண்ணம். உங்கள் மூளை விழித்திருக்கிற நேரத்தைக் கொடுங்கள். மிச்சம் மீதியை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஜெபத்தில் மனப்பாடமான வார்த்தைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பேசிப் பாருங்கள். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று ஆரம்பித்தால் என் வாய் தானாக ஓடும், மனசு வேறெங்கோ போய்விடும். "ஆண்டவரே, இன்றைக்கு மீட்டிங்கை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது" என்று ஆரம்பித்தால் அப்படி ஓட முடியாது.

5. வேலையை அவருக்கென்று செய்யுங்கள்

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3-ஆம் அதிகார வசனத்தை நாம் ஊழியத்துக்குத்தான் சொல்லிக்கொள்கிறோம். பவுல் அதை எழுதியது அடிமை வேலை செய்தவர்களுக்கு. பிடிக்காத வேலை, நன்றி சொல்லாத எஜமான், சம்பளமும் இல்லை. அவர்களுக்கே இது பொருந்தும் என்றால் நம் அலுவலகத்துக்கும் சமையலறைக்கும் பொருந்தாமல் போகாது.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். பல வருஷம் அவருக்கு மடத்துச் சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, ஆலயத்தில் முழங்காலில் இருப்பதுபோலவே தேவனோடு இருக்கப் பழகினார். 1691-இல் அவர் இறந்த பிறகு, ஊர் உலகம் அறியாத அந்தச் சமையற்காரரின் கடிதங்களையும் பேச்சையும் தேடிப் படிக்கிறார்கள்.

நான் செய்கிற வழி சாதாரணமானது. இரவில் பாத்திரம் கழுவுவது என் வேலை. முன்பெல்லாம் காதில் ஏதாவது ஓடவிட்டுக்கொண்டு கடனே என்று கழுவுவேன். இப்போது முதல் பாத்திரத்தை எடுக்கும்போது, "இது உமக்கு" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறப்போட்டு மறுநாளுக்குத் தள்ளிவிட மனசு வருவதில்லை. சில நாள் தள்ளிவிடுகிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நாளில் ஒரே ஒரு வேலையை மட்டும் இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வேலையையும் ஒரே நாளில் பரிசுத்தமாக்கக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் களைத்துவிடுவீர்கள்.

இயேசு ஊழியத்தை ஆரம்பித்தபோது ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா சொல்கிறார். அதுவரை அவர் தச்சன். யோர்தானில் வானம் திறந்து, "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று பிதா சொன்னபோது, அவர் இன்னும் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஓர் அற்புதமும் செய்யவில்லை.

6. வீட்டிலிருக்கிறவர்களிடம் ஆரம்பியுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு ரொம்பக் கஷ்டமான படி இதுதான். "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் கேட்கிற கேள்விக்கு நான் இதுவரை ஒரு சமாதானமும் கண்டுபிடிக்கவில்லை.

தீபேரியா கடற்கரையில் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை, "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். பேதுரு ஆம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், அப்படியானால் எனக்காக ஒரு பாட்டுப் பாடு என்றோ, எனக்காகச் சாகத் தயாரா என்றோ அவர் கேட்கவில்லை. ஆடுகளைக் கையில் கொடுத்தார். மேய்க்கச் சொன்னார். ஆடுகள் எரிச்சலூட்டும், ஒரே இடத்தில் நிற்காது, சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? உங்களைப் பொறுமை இழக்கவைக்கிற ஒரு மனிதரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் போதும். அவர் உங்களை எந்த நேரத்தில், எந்த விஷயத்தில் சோதிக்கிறார் என்று கவனியுங்கள். அந்த நேரத்துக்கு முன்னாலேயே ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் அம்மாவுக்கு வைத்திருக்கும் ஏற்பாடு இது: அதே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும், அதை முதல் தடவையாகக் கேட்பதுபோல் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது. "இப்பதானேம்மா சொன்னேன்" என்ற வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் தடை. முதல் வாரம் ஏழு தடவையாவது தடையை மீறினேன். மீறும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்றே சில சமயம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது, சிரிப்பார்கள்.

7. பணத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்

பெத்தானியா ஊர் மரியாள் இயேசுவின்மேல் ஊற்றிய நளத தைலத்தின் விலை 300 வெள்ளிக்காசு இருக்கும் என்று யூதாஸ் கணக்குப் போட்டான். கணக்கில் தப்பில்லை. ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. அதை வீண்செலவு என்று சொன்னதில்தான் அவன் யாரென்று தெரிந்தது. இயேசுவோ, "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்றார்.

காணிக்கை, தசமபாகம் பற்றிச் சபைக்குச் சபை போதனை மாறும், அதற்குள் நான் போகவில்லை. ஒன்றைமட்டும் செய்யுங்கள்: போன மாதக் கணக்கை எடுத்து, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அவர்மேல் உள்ள பிரியத்துக்காகவே கொடுத்தது எது என்று தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் இந்த மாதம் ஒன்று இருக்கட்டும். தேவையில் இருக்கிற ஒரு மனிதருக்குப் போனால் நல்லது. சிறியவரில் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

8. உற்சாகத்தைச் சத்தத்தால் அளக்காதீர்கள்

தாவீது கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகத் தன் முழுப் பலத்தோடும் நடனமாடினான். அன்னாளோ உதடுகள் மட்டும் அசைய, சத்தம் வெளியே கேட்காமல் ஜெபித்தாள். இரண்டு பேரையும் தப்பாக நினைத்தார்கள். தாவீதை மீகாள் அவமதித்தாள், அன்னாளை ஆசாரியன் ஏலி குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். அதனால் பக்கத்தில் இருப்பவர் துள்ளினாலும் சரி, சும்மா நின்றாலும் சரி, விட்டுவிடுங்கள்.

9. அவரைப் பற்றிப் பேசுங்கள், சண்டை போடாதீர்கள்

பிடித்தவரைப் பற்றிப் பேச்சு தானாக வரும். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் தண்ணீர்க் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவளுக்கு உபதேசமெல்லாம் தெரியாது. வந்து பாருங்கள் என்றாள், இவர் கிறிஸ்துதானோ என்று கேள்வியாகத்தான் கேட்டாள்.

இதற்கு நேர்மாறாக, தேவனைப்பற்றி வைராக்கியம் உண்டு, ஆனால் அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல என்று பவுல் ஒரு கூட்டத்தாரைப் பற்றி எழுதுகிறார். தானும் முன்பு அப்படி இருந்தவர் என்பதால் அவருக்கு அது நன்றாகத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்கு இன்னொரு சபையின் உபதேசத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறவருக்கு வைராக்கியம் இல்லை என்று சொல்ல முடியுமா? நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. அந்தச் சாந்தம் போய்விட்டது என்று தெரிந்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

10. ஒன்றுமே தோன்றாத நாட்களில்

இப்படி நாட்கள் வரும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் வரும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாக எழுதினார். அதைப் பலரும் சாட்சியில் சொல்வார்கள். 1739 ஜனவரி 4-இல் தன்னிடத்தில் தேவன்மேல் அன்பே இல்லை என்று அதே மனிதர் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்க ஆரம்பித்தார். மெதடிஸ்ட் இயக்கம் பெருகியது அந்த வெளிகளில்தான். அனல் வரட்டும் என்று அவர் வீட்டில் காத்திருக்கவில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், அது விசுவாசக் குறைவு என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் டாக்டரைப் பாருங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றோடொன்று மோதாது.

இரண்டாவது, இருக்கிற நிலையிலேயே ஜெபியுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு சபைக்கு இயேசு எழுதச் சொன்ன கடிதத்தைத் திறங்கள். அது சோம்பேறிச் சபை இல்லை. உழைத்தார்கள், சகித்தார்கள், கள்ள அப்போஸ்தலர்களைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும், "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று அவர்கள்மேல் குறை. அதற்கு அவர் சொல்கிற மருந்தைக் கவனியுங்கள். எங்கிருந்து விழுந்தாய் என்று நினைத்துப் பார், மனந்திரும்பு, "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்". ஆதியில் உணர்ந்ததை உணரு என்று அவர் சொல்லவில்லை, அது யாராலும் முடியாது. செய்ததைச் செய்யலாம். விசுவாசத்துக்கு வந்த புதிதில் என்னவெல்லாம் செய்தீர்கள்? நான் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் இருப்பவருக்காகச் சத்தமில்லாமல் ஜெபிப்பேன். எப்போது நிறுத்தினேன் என்றே தெரியவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது முதல் சில நாள் செயற்கையாகத்தான் இருந்தது.

எம்மாவுக்கு நடந்த இரண்டு சீஷர்களும், வழியில் அவர் பேசினபோது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று பிற்பாடுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நடக்கும்போது அவர்கள் முகவாட்டத்தோடு இருந்தார்கள் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

விழுந்துவிட்டால்

பேதுரு இயேசுவை மறுதலித்தது ஒரு கரிநெருப்பு பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு. யோவான் அந்தச் சொல்லைக் குறித்துவைக்கிறார். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புதான். அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். இரவெல்லாம் ஒன்றும் பிடிக்காமல் நனைந்து வந்தவனிடம், "என்னை நேசிக்கிறாயா?" என்பதை அவர் முதல் கேள்வியாக வைக்கவில்லை. "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று கூப்பிட்டார். கேள்வி சாப்பாடு முடிந்த பிறகு வந்தது.

ஆகவே ஒரு வாரம் எல்லாம் விட்டுப்போனால், விட்ட அதிகாரங்களைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நாளைக்குக் காலையில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு மாற்கு முதல் அதிகாரத்தைத் திறங்கள். 45 வசனம், சத்தமாகப் படித்தாலும் பத்து நிமிஷம் ஆகாது. கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் எழுந்துபோய் வீட்டில் யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.